காத்தான்குடி ராத்தாட கடுகு அச்சாறும் உள்ளி அச்சாறும்: வாங்கலாமா, வாங்கினா எப்படி வைக்கிறது

முதல்லயே சொல்லிடுறன், இது நல்ல அச்சாறு, பயமில்லாம வாங்கலாம். ஆனா அது ஏன் பழுதாகாம இருக்கு எண்டதுக்கு ஆக்கள் சொல்ற காரணம், கடுகும் உள்ளியும் கிருமிய அமத்துது எண்டது, பாதி தான் சரி. மற்றப் பாதியத் தெரிஞ்சுக்காம வாங்கிட்டுப் போனா வீட்டுல வெச்சு நாமளே அதப் பழுதாக்கிடுவம், அதால தான் ஒரு போத்தல் அச்சாறுக்கு இவ்வளவு நீட்டி எழுதுறன், பொறுமையா வாசிங்க.

கடை எண்டு சொன்னாலும் வீட்டு விறாந்தை தான். கல்லடிப் பாலம் தாண்டி மஞ்சந்தொடுவாயால போனா காத்தான்குடி மெயின் ரோட்டுல பேரீச்ச மரங்கள் நிரைக்கு நிக்குதே, அதுல இருந்து கடல் பக்கமா இறங்கிற ஒழுங்கை ஒண்டு. போர்ட் இல்ல. விறாந்தையில கண்ணாடி அலுமாரி, அதுக்குள்ள போத்தல் அடுக்கி இருக்கும். ராத்தாவும் மருமகளும் தான் எல்லா வேலையும். கலியாண வீட்டுப் புரியாணிக்கு அச்சாறு செஞ்சு குடுத்து அதுல இருந்து தொடங்கினது, இப்ப ஏறாவூர், கல்முனைப் பக்கத்து ஆக்களும் ஓடர் குடுக்கிறாங்க.

கடுகு அச்சாறுல சின்ன வெங்காயம், பச்சக் கொச்சிக்காய், கரட், பப்பாசிக்காய், கொஞ்சம் பேரீச்சம்பழம். சின்னப் போத்தல் 700 ரூபா. உள்ளி அச்சாறு 850. வெள்ளி, சனியில மட்டும் வல்லாரைச் சம்பலும் கோவாச் சம்பலும் செய்வாங்க, அது போத்தல் இல்ல, டப்பாவில குடுக்கிறது. விலை கூட எண்டு சில பேர் சொல்றாங்க, நான் அப்பிடி நினைக்கல. உள்ளி விக்கிற விலைக்கும் அவங்க பாவிக்கிற வினாகிரிக்கும் இது சரியான விலை தான், மலிவா விக்கிற இடங்கள்ல அசற்றிக் அசிட்டத் தண்ணியில கலந்து ஊத்திறது, இங்க தென்னங்கள்ளு வினாகிரி, போத்தலத் திறந்த உடனே மணத்துல விளங்கும்.

ருசி எண்டா, கடுகு மூக்குல ஏறும். அந்த ஏறல் தான் எனக்குப் பிடிச்சது. மற்ற இடத்து அச்சாறு எல்லாம் சீனியும் புளிப்பும் தான், கடுகு சும்மா மஞ்சள் நிறத்துக்குப் போட்ட மாதிரி கிடக்கும். இங்க முதல் வாயிலயே கண் கலங்கும், பிறகு பேரீச்சம்பழத்துட இனிப்பு வந்து ஆத்தும். வெங்காயம் கடிக்கக்குள்ள இன்னும் மொறுமொறுப்பா இருக்கு. கொச்சிக்காய் அவ்வளவு உறைப்பு இல்ல, பிள்ளைகளும் சாப்பிடலாம்.

அந்தக் காரம் எப்பிடி வருது எண்டு பார்க்கிறதுக்கு அவங்கட குசினிக்குள்ள போய் நிண்டு பார்த்தன். நான் ஏ.எல். பிள்ளைகளுக்கு உணவுத் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ஆள், அதால கேள்வி கேக்காம இருக்க ஏலாது. ராத்தா கருங்கடுக அம்மியில போட்டு, பச்சத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சு அரைச்சாங்க. சுடுதண்ணி இல்ல, வினாகிரியும் இல்ல. அரைச்சு வழிச்சு மூடி வெச்சிட்டு உள்ளி தோலுரிக்கப் போயிட்டாங்க. ஏன் ராத்தா உடன வினாகிரி ஊத்தல்ல எண்டு கேட்டன். "நேரா வினாகிரிய ஊத்தினா காரம் வராம செத்துப் பெய்த்திடும் மிஸ். எங்கட உம்மா தண்ணியில தான் அரைப்பாங்க, அரைச்சி வெச்சிட்டு வேற வேலயப் பார்த்திட்டு வந்து தான் வினாகிரி ஊத்துவாங்க, நானும் அப்பிடித் தான்." மூடியத் திறந்து என்ட மூக்குக்கு நேர பிடிச்சாங்க, கண்ணால தண்ணி ஓடிட்டு.

நான் வகுப்புல பலகையில எழுதிக் காட்டுற விசயம் இது. காஞ்ச கடுக மோந்து பாருங்க, ஒரு காரமும் இல்ல. கடுகுக்குள்ள சினிகிரின் எண்டு ஒரு பொருள் இருக்கு, மைரோசினேஸ் எண்டு ஒரு நொதியம் இருக்கு, ரெண்டும் ஒரே வீட்டுல வேற வேற அறையில பூட்டி வெச்ச ஆக்கள் மாதிரி. அரைச்சு கலம் உடைஞ்சு தண்ணியும் பட்டா தான் ரெண்டும் சந்திக்கும், அப்ப உண்டாகிறது தான் அலைல் ஐசோதயோசயனேற்று, மூக்குல ஏறுறது அது தான், பக்டீரியாவையும் பூஞ்சணத்தையும் அமத்துறதும் அது தான். வினாகிரிய முதல்லயே ஊத்தினா புளிப்புல நொதியம் வேலை செய்யாது, சுடுதண்ணி ஊத்தினா நொதியம் வெந்து போயிடும். ஆனா காரம் உண்டான பிறகு வினாகிரி சேர்த்தா அது கெதியா அழிஞ்சு போகாம நிக்கும். ராத்தாட உம்மா செஞ்சது நூற்றுக்கு நூறு சரி. இதையே தாளிக்கிற கடுகோட வெச்சுப் பாருங்க, கொதிக்கிற எண்ணெயில வெடிச்ச கடுகுல மணம் இருக்கும், இந்தக் காரம் இருக்காது, கிருமிய அமத்துற வேலையும் இருக்காது. கோவா, முள்ளங்கி, முருங்கை எல்லாத்துலயும் இந்தக் குடும்பத்துப் பொருள் தான், வகை தான் வேற வேற.

இன்னொண்டு, இந்த ஐசோதயோசயனேற்று ஆவியாப் போற சாமான். ஆவியாவே கிருமில வேலை செய்யும். யப்பான்ல சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள இந்தச் சாறு தடவின சின்னத் தாள் ஒண்ட மேல வைக்கிறாங்க, சாப்பாட்டுல படாமலே ஆவி வேலை செய்யும். அதால அச்சாறுப் போத்தலத் திறந்து மூடாம மேசையில வெச்சா முதல்ல போறது இந்தக் காரம் தான். காரம் குறைஞ்ச அச்சாறு உடன பழுது எண்டு அர்த்தமில்ல, புளிப்பு இருக்கும் வரைக்கும் அது காப்பாத்தும், ஆனா கடுகுட பங்கு போயிட்டு எண்டு எடுத்துக்கலாம்.

உள்ளியும் கிட்டத்தட்ட அதே கதை தான். முழு உள்ளிக்குள்ள அலீன் எண்ட பொருளும் அலினேஸ் எண்ட நொதியமும் தனித்தனியா இருக்கும், நசுக்கினா சேர்ந்து அலிசின் ஆகும். 1944ல அமெரிக்காவில கவல்லிட்டோ, பெய்லி எண்ட ரெண்டு பேர் தான் அலிசினப் பிரிச்செடுத்து அது பக்டீரியாவ அமத்துது எண்டு காட்டினவங்க. கிருமிக்குள்ள இருக்கிற நொதியங்கள்ல கந்தகம் இருக்கிற இடத்துல போய் ஒட்டும், ஒண்டு ரெண்டு நொதியத்துல இல்ல, பல இடத்துல ஒரே நேரத்துல. அதால தான் சல்மொனெல்லா, ஈ.கோலை, ஸ்டபிலோகொக்கஸ் எண்டு வேற வேற வகைக் கிருமிகள் எல்லாத்துலயும் வேலை செய்யுது. ஆனா அதே குணம் எங்கட தோல்லயும் வேலை செய்யும், பச்ச உள்ளிய அரைச்சு பிள்ளைகள்ட நெஞ்சுல, கால்ல கட்டி வைக்கிறது கைமருந்து எண்டு செய்யிறாங்க, தோல் வெந்து கொப்புளம் போட்ட பிள்ளைகள் இருக்கு, தயவு செஞ்சு செய்யாதீங்க.

ராத்தா கடுகு அச்சாறுக் கலவைக்கு உள்ளியையும் இஞ்சியையும் அரைச்ச கடுகோட சேர்த்து பச்சையா அரைக்கிறாங்க, அதனால அலிசின் உண்டாகிறதுக்கு வழி இருக்கு. ஆனா தனியா விக்கிற உள்ளி அச்சாறுல முழுப் பல்லு, லேசாச் சுடுதண்ணி காட்டி நேரா வினாகிரியில போடுறது. அதுல அலிசின் பெரிசா உண்டாகாது, அந்தப் போத்தலக் காப்பாத்துறது முழுக்க முழுக்க வினாகிரி தான். ருசிக்கு எனக்கு அது தான் கூடப் பிடிக்கும், உறைப்பு அடங்கி, உள்ள மெத்தெண்டு, சோத்தோட ஒரு பருப்புக் கறி மட்டும் இருந்தாலும் போதும். மருந்து எண்டு நினைச்சு வாங்காதீங்க, ருசிக்கு வாங்குங்க.

இதுல ஒரு விசயத்தக் கட்டாயம் சொல்லணும். சில நேரம் அந்த உள்ளி நீலப் பச்சையா நிறம் மாறிடும். களிம்பு பிடிச்சது எண்டு பயந்து திருப்பிக் கொண்டு வந்து குடுத்தவங்க இருக்காங்களாம், ராத்தா பாவம் முழுப் போத்தலையும் கொட்டிட்டுக் காசத் திருப்பிக் குடுத்திருக்காங்க. அது களிம்பு இல்ல, பழுதும் இல்ல. உள்ளிட கந்தகப் பொருளும் அதுல இருக்கிற அமினோ அமிலமும் புளிப்புல சேர்ந்து உண்டாகிற நிறம். குளிரறையில வெச்சு வந்த உள்ளியில கூட வரும், எங்கட கடைகளுக்கு வாற உள்ளி பெரும்பாலும் இறக்குமதி தானே. வட சீனாவுல லாபா உள்ளி எண்டு வேணுமெண்டே பச்சையாக்கிச் சாப்பிடுறாங்க. ராத்தாக்கிட்ட இதச் சொன்னன், "அப்ப இனிக் கொட்டத் தேவல்ல, கடவுளே, எத்தின போத்தல்" எண்டு மருமகளப் பார்த்தாங்க. இத வாசிக்கிற நீங்களும் பச்சை நிறத்துக்காகத் திருப்பிக் குடுக்காதீங்க. மூடி உப்பி இருந்தா, திறக்கக்குள்ள நுரைச்சுப் பொங்கினா, மேல பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் இருந்தா, அப்ப கொட்டுங்க, வாயில வெச்சுப் பார்க்காதீங்க.

இப்ப உள்ளி எண்ணெய்க்கு வாறன், இது தான் எனக்கு நெஞ்சுல இருக்கிற விசயம். ராத்தா உள்ளி எண்ணெய் விக்கிறதில்ல, கேட்டாலும் குடுக்கிறதில்ல, அதுக்காகவே அவங்களுக்கு நான் மார்க் போடுவன். ஆனா ஃபோன்ல பார்த்து ஓடர் பண்ற இடம் ஒண்டுல, பேர் வேணாம், பச்ச உள்ளிய அரைச்சு எண்ணெயில போட்டுப் போத்தல்ல அடைச்சு "இயற்கை அன்ரிபயோட்டிக்" எண்டு லேபிள் ஒட்டி விக்கிறாங்க. வெளியில வைக்கலாம், ஆறு மாசம் கெடாது எண்டும் போட்டிருக்கு. எங்கட ஸ்டாஃப் ரூமுக்கும் ஒரு போத்தல் வந்தது, நான் விளங்கப்படுத்திக் கொட்ட வெச்சன்.

ஏன் எண்டா, உள்ளி மண்ணுக்குள்ள விளையிற சாமான். மண்ணுல கிளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் எண்ட பக்டீரியாட வித்திகள் இருக்கும். அந்த வித்தி காத்து இருக்கிற இடத்துல சும்மா கிடக்கும், காத்தில்லாம, புளிப்பில்லாம, ஈரத்தோட, சூடான ஊருல ஒரு இடம் கிடைச்சா முளைச்சு வளர்ந்து நஞ்சு கக்கும். எண்ணெய்க்குள்ள முங்கின உள்ளித் துண்டு அதுக்கு அளவெடுத்துச் செஞ்ச இடம். எண்ணெய் காத்த மறைக்குது, உள்ளிக்குள்ள ஈரம் இருக்கு, புளிப்பு இல்ல. அலிசின் இருக்கே எண்டு கேப்பீங்க, எண்ணெயில அலிசின் நிண்டு பிடிக்காது, உடைஞ்சு வேற பொருளாகிடும், வித்தியக் கொல்லவும் அதால ஏலாது. கொதிக்கிற தண்ணியே அந்த வித்தியக் கொல்லாது, பிரஷர்ல 121 டிகிரி வேணும்.

இது சும்மா பயம் காட்டுறதில்ல. 1985ல கனடாவில வன்கூவர்ல ஒரு ரெஸ்டோரண்ட்ல எண்ணெயில போட்ட நறுக்கின உள்ளியால 36 பேருக்கு பொட்டுலிசம், அதாவது அந்த நஞ்சால வாற நோய், வந்தது. குளிர்ல வைக்க வேண்டியத வெளியில வெச்சிருக்காங்க. 1989ல நியூயோர்க் மாநிலத்துல திரும்பவும் மூணு பேருக்கு. அதுக்குப் பிறகு தான் அமெரிக்காவில எண்ணெயில போடுற உள்ளிக்கு புளிப்பு சேர்க்கணும் எண்டு கட்டாயப்படுத்தினாங்க. அந்த நஞ்சுக்கு மணமில்ல, ருசியில மாத்தம் தெரியாது, கண்ணிமை விழுந்து, பேச்சுக் குழறி, மூச்சு விடுற தசையும் நிண்டு போகும். கிருமிய அமத்துற மரக்கறி எண்டு உலகமெல்லாம் பேர் வாங்கின உள்ளியாலயே இது நடந்தது எண்டத யோசிச்சுப் பாருங்க. வீட்டுல உள்ளி எண்ணெய் செஞ்சா பிரிஜ்ஜில வெச்சு ஒரு நாலு நாளைக்குள்ள முடிங்க, மிச்சம் கொட்டுங்க.

பி.எச். எண்டது புளிப்ப அளக்கிற எண், அது குறையக் குறையப் புளிப்பு கூட. அது 4.6க்குக் கீழ போனா அந்த பக்டீரியா வளராது. ராத்தாட ரெண்டு அச்சாறையும் பள்ளிக்கூட லாப்ல இருக்கிற பி.எச். தாளால பார்த்தன், ரெண்டுமே 4க்குக் கீழ தான் காட்டிச்சு. இது தான் இந்த அச்சாறு நிக்கிறதுக்கு முதல் காரணம், அடுத்தது உப்பு, கடுகும் உள்ளியும் மூணாவது. ஆனா அந்த மூணாவது சும்மா இல்ல. புளிப்பு இருக்கிற இடத்துல கிருமி ஏற்கனவே தளர்ந்து போய் இருக்கும், அந்த நேரம் ஐசோதயோசயனேற்றும் அலிசினும் கொஞ்சம் இருந்தாலே அடி பெரிசா விழும். தனிய உள்ளி மட்டும் போட்டுத் தேங்காய்ப் பால் கறிய வெளியில வைக்கலாம் எண்டு நினைச்சா சரி வராது. லாப்ல தட்டுல சின்னத் துளி உள்ளிச் சாறு தன்னச் சுத்தி கிருமி வளராத வட்டம் போட்டுக் காட்டும், பிள்ளைகள் பார்த்துக் கை தட்டுவாங்க. அதே அளவ மீன் கறியில போட்டா ஒண்டும் தெரியாது, கொழுப்பும் புரதமும் அந்தப் பொருளப் பிடிச்சு வெச்சுக்கும், கிருமி இருக்கிறது தண்ணிப் பக்கத்துல. அதுக்கு மேல நாம கறிய வேற கொதிக்க வைக்கிறம்.

இந்த இடத்துல யாராவது வந்து எங்கட மூதாதையர் கிருமிக்காகத் தான் இவ்வளவு உள்ளியும் கொச்சிக்காயும் போட்டுச் சமைச்சாங்க எண்டு சொல்லுவாங்க, எனக்கும் அது கேக்க ஆசையா தான் இருக்கு. 1998ல அமெரிக்காவில கோர்னெல் பல்கலைக்கழகத்துல இருந்து பில்லிங், ஷேர்மன் எண்ட ரெண்டு பேர், சூடான நாடுகள்ல கூட மசாலா போடுறது சாப்பாட்டுக் கிருமிகள்ல இருந்து தப்புறதுக்கு எண்டு எழுதினாங்க, உள்ளியும் வெங்காயமும் அவங்கட பட்டியல்ல மேல நிண்டது. பிறகு 2021ல அவுஸ்திரேலியாவில இருந்து ஒரு குழு 70 வகைச் சமையல், 33,000க்கு மேல சமையல் குறிப்பு எல்லாம் எடுத்துத் திரும்பப் பார்த்து, அப்பிடிச் சொல்ல ஆதாரம் போதாது எண்டு சொல்லிட்டாங்க. உள்ளியில கிருமிய அமத்துற பொருள் இருக்கிறது உண்மை, அதுக்காகத் தான் சமையல் அப்பிடி வந்தது எண்டது வேற கதை. நான் பிள்ளைகளுக்கு ரெண்டையும் சொல்லித் தான் படிப்பிக்கிறன்.

சம்பல் பக்கம் வாறன். வல்லாரைச் சம்பல் ருசி மிச்சம் நல்லம், தேசிக்காய்ப் புளி கொஞ்சம் தூக்கலா, தேங்காய்ப்பூ குறைவா, இலை அவ்வளவு மெல்லிசா அரிஞ்சு, மாசித் தூள் வேணாம் எண்டு முதல்ல சொன்னா போடாமத் தருவாங்க. ஆனா இங்க தான் நான் கூடக் கேள்வி கேட்டன். வல்லாரை நிலத்தோட படர்ற இலை, சேத்துத் தண்ணி தெறிக்கும், படுவான்கரையில இருந்து வாற கீரைக்கு மாட்டெரு போடுறாங்க, அது தப்பில்ல, ஆனா பச்சையாச் சாப்பிடுற இலைக்குப் பச்சை எரு தொட்டா ஆபத்து. ராத்தா வேர அறுத்து, ஒவ்வொரு கட்டாப் பிரிச்சு, ஓடுற பைப் தண்ணியில கழுவி, உப்பும் வினாகிரியும் கலந்த தண்ணியில ஊற வெச்சு, திரும்பவும் பைப்ல கழுவுறாங்க. நான் பார்த்துக்கிட்டு நிண்டன், ஒரு இலைய எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்துல ஒட்டின மண்ண விரலால தேய்ச்சு எடுத்தாங்க. கிணத்துத் தண்ணி பாவிக்கிறதில்ல, மாரியில வெள்ளம் வந்து மலசலகூடக் குழியும் கிணறும் ஒண்டாப் போறத இந்தப் பக்கத்து ஆக்களுக்கு நான் சொல்லத் தேவல்ல. மஞ்சள் தண்ணியில கழுவினா போதும் எண்டு நிறையப் பேர் நம்புறாங்க, மஞ்சளுட குர்க்குமின் தண்ணியில கரையவே கரையாது, மஞ்சள் தண்ணியில நடக்கிற சுத்தம் எல்லாம் தண்ணிட வேலை தான்.

கோவாச் சம்பல் எனக்கு ரெண்டாம் பட்சம், தயிர் கூட. கோவாவில கடுகுக் குடும்பத்துப் பொருள் இருக்கு, பச்சையா அரிஞ்சா அது உண்டாகும், அது உண்மை. ஆனா 1981ல கனடாட கிழக்குப் பக்கத்துல கோவாச் சலாட்டால தான் லிஸ்டீரியா நோய் பரவினது, ஆட்டெரு போட்ட தோட்டத்துக் கோவா, குளிருக்குள்ள மாசக் கணக்கா வெச்சு எடுத்தது. பாதிக்கப்பட்ட ஆக்கள் கூடுதலா கர்ப்பிணித் தாய்மாரும் பிறந்த பிள்ளைகளும். லிஸ்டீரியா பிரிஜ்ஜுக்குள்ளயும் வளரும். அதால வயித்துல பிள்ளையோட இருக்கிற தங்கச்சிமார் யாராவது இத வாசிச்சா, எந்தக் கடையிலயும் ரெடியா அரிஞ்சு வெச்ச பச்சைச் சம்பல் வாங்காதீங்க, வீட்டுல கழுவி அரிஞ்ச உடனே சாப்பிடுங்க, இல்லாட்டி லேசா வதக்கி மல்லுங் மாதிரிச் செஞ்சு சாப்பிடுங்க. ராத்தாட்டயும் இதச் சொன்னன், இப்ப அவங்களே கேட்டுட்டுத் தான் குடுக்கிறாங்க.

சோத்துப் பார்சலோட இந்த அச்சாற வாங்கி வெச்சா சோறும் பழுதாகாது எண்டு எங்கட ஸ்கூல்லயே ஒரு நம்பிக்கை இருக்கு. இல்ல. சோத்துல வாறது பசிலஸ் சீரியஸ், அதுவும் வித்தி உண்டாக்கிறது தான், அவியிற சூட்டுக்கு வித்தி தப்பிடும், பிறகு ஆறின சோத்துல பெருகி நஞ்சு வைக்கும், திரும்பச் சூடாக்கினாலும் சத்தி எடுக்க வைக்கிற அந்த நஞ்சு போகாது. பத்து மணிக்குக் கட்டின பார்சல மத்தியானம் ரெண்டு மணிக்கு, 30 டிகிரிக்கு மேல வெயில்ல பைக் பெட்டிக்குள்ள வெச்சிட்டு, ஓரத்துல ஒரு கரண்டி அச்சாறு இருக்கு எண்டு நம்பிச் சாப்பிட ஏலாது. அச்சாறு தன்னத் தான் காக்கும், தொட்டு இருக்கிற நாலு பருக்கையக் காக்கும், அவ்வளவு தான்.

குறை எண்டு சொல்ல எனக்கு மூணு விசயம் இருக்கு. பப்பாசிக்காய் கூடப் போடுற பட்ச் தண்ணி விடுது, போத்தலுக்கு மேல ஒரு நீர்ப்படை நிக்கும். பார்க்கிற வடிவுக்காக மட்டும் சொல்லல்ல, மரக்கறி விடுற தண்ணி வினாகிரியக் கலக்கிப் புளிப்பக் குறைக்கும். கரட்டையும் பப்பாசியையும் உப்புப் போட்டுப் பிழிஞ்சு வெயில்ல வாட்டித் தான் சேர்க்கிறாங்க, மாரி காலத்துல வெயில் இல்லாம அந்த வேலை பாதியில நிக்குது, அதால கார்த்திகை, மார்கழியில வாங்கினா பப்பாசி இல்லாத போத்தலக் கேட்டு வாங்குங்க. ரெண்டாவது, மூடி. தகர மூடி வினாகிரிக்குத் துருப் பிடிக்குது, உள்ளுக்குப் பூச்சு இருக்கிற மூடி இல்லாட்டி பிளாஸ்டிக் மூடி போடச் சொல்லி இருக்கன். மூணாவது, திகதி. கையால எழுதின ஸ்டிக்கர் ஒட்டுறாங்க, செஞ்ச திகதி மட்டும் தான் இருக்கு, எப்ப முடியும் எண்டு இல்ல. பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து பார்த்தா முதல்ல கேக்கிறது அது தான். மருமகள் படிச்ச பிள்ள, ஃபோன்லயே லேபிள் டிசைன் பண்ணி அடிக்கப் போறா எண்டு சொன்னா.

வீட்டுல வைக்கிறதுக்கு, ஈரக் கரண்டி போடாதீங்க, சோத்துக் கரண்டி போடவே போடாதீங்க. மேல தெரியிற மரக்கறி எப்பவும் வினாகிரிக்குள்ள முங்கி இருக்கணும், வெளியில நீட்டிக்கிட்டு நிக்கிற துண்டுல தான் பூஞ்சணம் தொடங்கும். போத்தல் முடியிற நேரம் புதுசா வெங்காயம் அரிஞ்சு பழைய தண்ணிக்குள்ள போடுற பழக்கம் எங்கட வீடுகள்ல இருக்கு, அந்தத் தண்ணிட புளிப்பு ஏற்கனவே குறைஞ்சு போயிருக்கும், போடாதீங்க. பிரிஜ் இருந்தா பிரிஜ்ஜில வைங்க, காரமும் கூட நாள் நிக்கும்.

காலையில எட்டரைக்குப் பிறகு போங்க, ஜும்ஆவுக்கு முன்ன சம்பல் முடிஞ்சிடும், சனிக்கிழமை எண்டா கொஞ்சம் ஆறுதலாப் போகலாம். நோன்பு காலத்துல விறாந்தை அஸருக்குப் பிறகு தான் திறக்கும். பெருநாளுக்கோ கலியாணத்துக்கோ கூட வேணுமெண்டா ஒரு கிழமைக்கு முன்ன சொல்லிடுங்க, கடுகு அவங்க அண்டண்டைக்கு அரைக்கிறது, கடைசி நேரத்துல கேட்டா இல்ல எண்டு தான் சொல்லுவாங்க. வெறும் போத்தல் கழுவிக் கொண்டு போய்க் குடுத்தா 50 ரூபா குறைப்பாங்க.